கலைச் சந்தையில் பேச்சரங்கம்: வேலூரில் முதன்முறை நடத்துவோருக்கு

பல கேலரிகளும் கலைஞர்களும் ஒரே கூரையின் கீழ் கடை போட்டு, மூன்று நான்கு நாள் ஓவியமும் சிற்பமும் விற்கிற இடம் கலைச் சந்தை. அங்கே ஒரு படத்தின் முன் நிற்பவர் மனதில் இரண்டு கேள்விகள் ஓடும்: இதில் என்ன இருக்கிறது, இதற்கு ஏன் இந்த விலை? கடையில் நிற்பவரிடம் அதைக் கேட்கக் கூச்சம். கேட்டால் வாங்கச் சொல்வார்களோ என்ற தயக்கம் வேறு. அந்தக் கேள்விகளை விற்பனைப் பேச்சு இல்லாத ஓர் இடத்தில் கேட்க வைப்பதுதான் பேச்சரங்கத்தின் வேலை. 1970இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஆர்ட் பாசெல், 2008இல் இந்தியா ஆர்ட் சம்மிட் என்ற பெயரில் தில்லியில் பிறந்த இந்தியா ஆர்ட் ஃபேர் போன்ற பெரிய சந்தைகள் இதற்கென்று தனி அரங்கே வைக்கின்றன. பத்துக் கடைகளோடு வேலூரில் ஒரு மண்டபத்தில் நடக்கும் சந்தைக்கும் இது முடியும். ஆறு வாரம் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாளும் நேரமும்

வேலூருக்கு ஏற்ற மாதம் மார்கழி. முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும். வாடகையைப் பேசிக் குறைக்கலாம். மைக் செட்காரரும் நாற்காலி வாடகைக்காரரும் கேட்ட நாளில் கிடைப்பார்கள். தை பிறந்துவிட்டால் இவர்களைப் பிடிக்க முடியாது. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக் கூடத்தில் மதியம் யாரும் உட்கார மாட்டார்கள். பௌர்ணமியையும் தவிருங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைப் பேருந்துகள் நிரம்பி வழியும். அந்தப் பக்கமிருந்து வரவேண்டிய பேச்சாளரும் பார்வையாளரும் வழியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

சந்தையின் முதல் நாளில் அரங்கு வேண்டாம். அன்று கடைக்காரர்கள் ஆணி அடித்துக்கொண்டும், அழைப்பின் பேரில் வந்த வாங்குபவர்களோடு பேசிக்கொண்டும் இருப்பார்கள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஒன்று, ஞாயிறு காலை 11 மணிக்கு ஒன்று, மாலை 5 மணிக்கு ஒன்று என மூன்று அமர்வு முதல் ஆண்டுக்குப் போதும். மூன்றையும் ஒரே வகையாக வைக்காதீர்கள். ஒன்று மூவர் பேசும் கலந்துரையாடல். ஒன்று ஒரு கலைஞரோடு ஒருவர் உட்கார்ந்து பேசும் உரையாடல். மூன்றாவது நாற்காலியே இல்லாமல், பதினைந்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போய்ப் படங்களுக்கு முன் நின்று பேசும் நடை. முதன்முறை வருகிறவர்களுக்கு இந்த நடைதான் அதிகம் உதவும். படத்தைக் கைகாட்டிப் பேசும்போது புரியாத சொல்கூடப் புரிந்துவிடும்.

தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

பாதி அரங்குகள் அழைப்பிதழ் அச்சாகும்போதே தோற்றுவிடுகின்றன. "தமிழகத்தில் நவீன ஓவியம்: நேற்று, இன்று, நாளை" என்று தலைப்பு வைத்தால் முதல் பேச்சாளர் நேற்றிலேயே நாற்பது நிமிடம் நிற்பார். வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்கக்கூடிய கேள்வியாகத் தலைப்பு இருக்க வேண்டும். "ஓர் ஓவியத்துக்கு விலையை யார் வைக்கிறார்கள்?" என்பது நல்ல கேள்வி. ஓர் ஓவியர், ஒரு கேலரிக்காரர், முதல் ஓவியத்தை அண்மையில் வாங்கிய ஒருவர் என்று மூவரை உட்கார வைத்தால் மூன்று வேறு பதில் வரும்.

இந்த மண்ணிலேயே கேள்விகள் கிடக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தலைமுறையாகத் தோல் பதனிடுகிறார்கள். அதன் கழிவால் மாசுபட்டுப் பாலாறு அதற்கு விலை கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கலைஞர் தோலையே தன் படைப்புக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம்? ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் உதிர்ந்து கொண்டிருக்கின்றன; இன்றைய ஓவியர் அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ள முடியும், எதைத் தொடக்கூடாது? புரிசை ஊரின் தெருக்கூத்தில் கட்டும் கிரீடத்தையும் தோளில் அணியும் புஜக்கட்டையையும் செய்கிற கையைச் சிற்பியின் கை என்று சொல்லலாமா? கரிகிரி ஊரின் மண்பாண்டம் சந்தைக் கடையில் பீடத்தின் மேல் ஏறினால் அதைச் செய்தவரின் பெயரும் கூடவே ஏறுமா? திருவண்ணாமலையில் 1932இல் பிறந்த ஓவியர் ஏ.பி. சந்தானராஜ், குடியாத்தத்தில் பிறந்த சிற்பி சி. தட்சிணாமூர்த்தி, திருவண்ணாமலையில் பிறந்து 2014 கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் பங்கேற்ற கலைஞர் பெனிதா பெர்சியாள் ஆகியோரின் வாழ்க்கையை வைத்து "இங்கே பிறந்தவர்கள் ஏன் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது?" என்று ஓர் அமர்வே நடத்தலாம். உள்ளூர் ஓவிய ஆசிரியர்களுக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும்.

மூன்று பேர், ஒரு நெறியாளர்

ஒரு மணி நேர அமர்வுக்கு மூன்று பேச்சாளருக்கு மேல் வேண்டாம். கணக்கு இதுதான்: நெறியாளர் அறிமுகம் 3 நிமிடம், ஆளுக்கு 7 நிமிடம் வீதம் 21, தங்களுக்குள் பேச 20, பார்வையாளர் கேள்விக்கு 15, முடிக்க 1. ஐந்து பேரைக் கூப்பிட்டு "ஆளுக்கு ஐந்து நிமிடம்" என்றால் ஒவ்வொருவரும் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். அதோடு மணி முடிந்தது. கேள்வி நேரம் என்று ஒன்று இருக்காது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவும் வாய்ப்பிருக்காது. ஐந்து தனி உரைகளை வரிசையாகக் கேட்டுவிட்டுக் கூட்டம் கலையும்.

நம் ஊரில் இன்னொன்றும் நேரத்தைத் தின்னும். குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம், நன்றியுரை. இவை சேர்ந்து இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை, இடத்தை மாற்றச் சொல்கிறோம். சந்தையின் திறப்பு விழாவில் எல்லாப் பேச்சாளருக்கும் ஒரேயடியாகச் செய்துவிடுங்கள். அரங்கு மேடையில் பேசுகிறவர்கள் மட்டும் உட்காரட்டும். நிதி கொடுத்தவருக்கும் வார்டு பிரமுகருக்கும் முதல் வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலி போடுங்கள். பத்து நாள் முன்பே நேரில் போய்ச் சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை. அன்றைக்கு மேடையேறும் நேரத்தில் சொன்னால்தான் மனம் புண்படும்.

பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆகும் பணத்தைப் பேச்சாளரின் கையில் கொடுப்பது மேல். குறிப்பாக, மண்பாண்டம் செய்கிறவர், கூத்துக்காரர், கல் வேலைக்காரர் ஆகியோருக்கு ஒரு நாள் உங்கள் மேடையில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போகிறது. சென்னையிலிருந்து வரும் பேராசிரியருக்கு என்ன தொகையோ அதே தொகையை இவர்களுக்கும் கொடுங்கள். தொகை, போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம் நான்கையும் முதல் அழைப்பிலேயே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். "பார்த்துச் செய்கிறோம்" என்ற சொல் பின்னால் கசப்பில்தான் முடியும்.

ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது, அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். கைவினைஞரை அழைத்துவந்து, படித்தவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவரை ஓரமாக உட்கார வைத்துச் சக்கரம் சுற்றிக் காட்டச் சொல்வது. அவர் பேச்சாளர் என்றால் அவருக்கும் ஒரு மைக், திரையில் அவருடைய படங்கள், அவரிடமே கேட்கும் கேள்விகள், அழைப்பிதழில் மற்றவர்களுக்கு உள்ள அதே எழுத்தளவில் பெயர் எல்லாம் வேண்டும். உரை நிகழ்த்தப் பழக்கமில்லாதவருக்கு "ஏழு நிமிடம் பேசுங்கள்" என்பது பாரம். அவர் செய்த பொருள் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து, "இந்தக் கழுத்துப் பகுதியை எப்படி இழுத்தீங்க? எங்கே உடையும்?" என்று நெறியாளர் கேட்டால் ஏழு நிமிடம் போதாமல் போகும். கூத்துக்காரரை அழைக்கிறீர்கள் என்றால் முந்தின இரவு ஆட்டம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடிய விடிய ஆடியவரைக் காலை 11 மணி அமர்வில் உட்கார வைக்கக் கூடாது.

நெறியாளரின் வேலை பத்து நாள் முன்பே தொடங்குகிறது

அரங்கு நன்றாக அமைவது பெரும்பாலும் தொலைபேசியில்தான். நெறியாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து அரை மணி நேரம் பேச வேண்டும். கேட்க வேண்டியவை: நீங்கள் எதை மறுக்கிறீர்கள்? மற்ற இருவரில் யாரோடு உங்களுக்கு ஒத்துப்போகாது? எந்தப் படத்தை வைத்துப் பேசப் போகிறீர்கள்? எதைக் கேட்க வேண்டாம்? பேசி முடித்ததும் குறிப்பெடுத்து, மூவருக்கும் எங்கே கருத்து மோதுகிறது என்று பார்த்து, ஆறு கேள்வி எழுத வேண்டும். மூன்றைப் பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்பலாம். மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கேள்வியையும் அனுப்பினால் பதிலை எழுதிக்கொண்டு வந்து படிப்பார்கள். எதையும் அனுப்பாவிட்டால் தயங்குவார்கள். பிறகு மூவரையும் ஒரே அழைப்பில் இருபது நிமிடம் சேர்த்து, யார் முதலில், யார் எவ்வளவு நேரம் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த அழைப்பில் விஷயத்தைப் பேசவிடாதீர்கள். அங்கே பேசித் தீர்த்ததை மேடையில் "அன்னைக்குச் சொன்ன மாதிரி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

அறிமுகத்தில் பட்டம், விருது, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு வாக்கியம்: என்ன செய்கிறார், இந்தக் கேள்விக்கு அவர் ஏன். மீதியை அச்சிட்டு நாற்காலியில் வைத்துவிடலாம்.

நேரம் மீறுகிறவரை நிறுத்துவது நம்மவர்களுக்குக் கடினம். வயதில் மூத்தவராக இருந்தால் இன்னும் கடினம். முதல் வரிசையில் ஒரு தன்னார்வலர் மூன்று அட்டைகளோடு உட்கார வேண்டும்: "3 நிமிடம்", "1 நிமிடம்", "நிறைவு". அட்டைகளைப் பேச்சாளர்களுக்கு முன்பே காட்டி, "எல்லாருக்கும் இதேதான் ஐயா" என்று சொல்லிவிட்டால் யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அட்டையையும் தாண்டிப் போனால் அவர் மூச்சு விடும் இடத்தில் நுழையுங்கள்: "ஐயா, இப்போ ஒரு முக்கியமான இடத்துக்கு வந்துட்டீங்க. இதுக்கு மேடம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு உங்ககிட்டயே திரும்பி வரேன்." சொன்னபடி கட்டாயம் திரும்பிப் போங்கள். திரும்பாவிட்டால் அடுத்த முறை உங்கள் சொல் எடுபடாது.

ஒரு பேச்சாளர் தமிழ் அறியாதவர் என்றால் மொழிபெயர்ப்பு ஏழு நிமிடத்தைப் பதினான்கு ஆக்கும் என்று முன்பே கணக்கிடுங்கள். அப்போது பேச்சாளரை இரண்டாகக் குறைக்க வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றிச் சொல்வதைவிட, இரண்டு நிமிடம் பேசவிட்டு அதன் சாரத்தை ஒரு நிமிடத்தில் தமிழில் சொல்வது கேட்பவருக்கு இதம். இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பது), எடிஷன், கியூரேட்டர் (கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அமைப்பவர்) போன்ற சொற்களுக்குத் தமிழ் தேடி மேடையில் திணற வேண்டியதில்லை. சொல்லை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது விளக்கிவிட்டால் போதும்: "எடிஷன் என்றால் ஒரே அச்சிலிருந்து எடுக்கப்பட்ட படிகளின் எண்ணிக்கை, 3/10 என்று பென்சிலில் எழுதியிருந்தால் பத்தில் மூன்றாவது."

திரையும் படங்களும்

படம் இல்லாமல் ஓவியத்தைப் பற்றிப் பேசுவது சாப்பாடு இல்லாமல் சமையலைப் பற்றிப் பேசுவது மாதிரி. ஏழு நிமிடப் பேச்சுக்கு ஏழெட்டுப் படம் போதும். ஒரு ஸ்லைடில் ஒரு படைப்பு மட்டும். கீழே கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எதில் செய்தது), அளவு. ஏதாவது ஒரு படத்தில் படைப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். இல்லாவிட்டால் கைக்குட்டை அளவு ஓவியமும் சுவர் அளவு ஓவியமும் திரையில் ஒன்றுபோலத் தெரியும்.

படங்களை நான்கு நாள் முன்பே வாங்கி, ஒரே லேப்டாப்பில் வரிசையாகச் சேர்த்து வையுங்கள். ஆளுக்கொரு பென் டிரைவோடு வந்து மேடையில் மாற்றினால் மாற்றத்துக்கு மூன்று நிமிடம் வீதம் வீணாகும். எழுத்துருவில் கவனம்: பழைய பாமினி வகை எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஜன்னல் வெளிச்சம் உள்ள மண்டபத்தில் பகலில் ப்ரொஜெக்டர் ஓவியத்தின் நிறத்தைக் கொன்றுவிடும். சிவப்பு ரோஜா நிறமாகும், கறுப்பு சாம்பலாகும். முப்பது நாற்பது பேர் உள்ள அமர்வுக்கு 55 அங்குல டிவி ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. ப்ரொஜெக்டர்தான் என்றால் குறைந்தது 3000 லூமென்ஸ் வெளிச்சம், திரைக்கு மேலே எரியும் விளக்கு அணைக்கப்பட்டிருக்க வேண்டும், மாலை அமர்வாக இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டராவது நீளம் வேண்டும். புதிய லேப்டாப்புகளுக்கு யுஎஸ்பி-சி இணைப்பான் ஒன்று பையில் இருக்கட்டும்.

மண்டபமும் மைக்கும்

கல்யாண மண்டபத்தின் பெரிய சிக்கல் எதிரொலி. தரை கிரானைட், சுவர் டைல்ஸ், மேலே உயரமான கூரை. நாதஸ்வரத்துக்கு அது பரவாயில்லை, பேச்சுக்கு ஆகாது. ஒலி சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுவதால் பேச்சு குழம்புகிறது. ஒலியைக் கூட்டினால் குழப்பமும் கூடும். செய்ய வேண்டியது வேறு: பெரிய கூடத்தின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கம் கனத்த துணித் திரை கட்டி, தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். மேடைக்கு இரண்டு பெரிய சவுண்ட் பாக்ஸ் வைப்பதற்குப் பதிலாக, சின்ன பாக்ஸ் நான்கைப் பார்வையாளருக்கு அருகில், குறைந்த ஒலியில் வையுங்கள். மைக் செட்காரரிடம் முன்பே "பாட்டு இல்லை, பேச்சு மட்டும்" என்று சொன்னால் எக்கோவை அணைத்து, பேஸைக் குறைத்துத் தருவார்.

ஹவுலிங் என்கிற அந்தக் கூவல் ஏன் வருகிறது? பாக்ஸிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதால். ஆகவே பாக்ஸ்கள் எப்போதும் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளரை நோக்கி இருக்க வேண்டும். பேச்சாளருக்குப் பின்னால் ஒருபோதும் கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. தூரமாகப் பிடித்தால் மைக் செட்காரர் ஒலியைக் கூட்டுவார், கூவல் தொடங்கும். மேடையில் ஆளுக்கொரு மைக் என நான்கு, பார்வையாளருக்குக் கார்ட்லெஸ் இரண்டு, அவற்றுக்கு மாற்று பேட்டரி. ஒரே மைக்கைக் கைமாற்றிக் கொடுத்தால் உரையாடல் செத்துவிடும். குறுக்கே ஒரு சொல் சொல்ல நினைப்பவர் மைக் வரும்வரை காத்திருந்து, சொல்லாமலே விட்டுவிடுவார்.

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் காவல்துறை அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. மருத்துவமனைகள் நிறைந்த வேலூரில் திறந்தவெளியில் இடம் பார்க்கும்போது இதை முதலில் கவனியுங்கள். கோட்டைக்குள் நடத்த ஆசை வரும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அவர்களின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் தேதி அறிவிக்காதீர்கள்.

எண்பது நாற்காலி எடுத்தால் ஐம்பது மட்டும் போட்டு, மீதியை அடுக்கி வையுங்கள். ஐம்பதில் நாற்பத்தைந்து நிரம்பிய அரங்கில் கேள்வி எழும். இருநூறில் அறுபது பேர் சிதறி உட்கார்ந்தால் எழாது. கூட்டம் காட்டக் கல்லூரிப் பேருந்தில் மாணவர்களை ஏற்றிவருவதும் உதவாது. பாதியில் எழுந்து போவார்கள், ஆர்வத்தோடு வந்தவருக்கும் அது தொந்தரவு. பள்ளி ஓவிய ஆசிரியர்கள், புகைப்படக்காரர்கள், பேனர் வரைந்து பழகியவர்கள், கட்டட வடிவமைப்பாளர்கள் ஆகியோரைத் தேடி ஆளுக்கொரு போன் செய்யுங்கள்.

அன்றைக்கு

சென்னையிலிருந்து வருகிறவருக்குக் காட்பாடி வரை ரயில் இரண்டு மணி நேரம்தான். காட்பாடியிலிருந்து ஊருக்குள் வரும் பாலாற்றுப் பாலமும் கிரீன் சர்க்கிளும் மாலையில் நேரத்தை விழுங்கும். ரயில் வந்து இரண்டு மணி நேரம் கழித்து அமர்வு தொடங்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுங்கள். அமர்வுக்கு முக்கால் மணி முன்பு பேச்சாளர்கள் மேடையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வாக்கியம் மைக்கில் பேசி, தங்கள் முதல் படத்தைத் திரையில் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் மூடி இல்லாத டம்ளரில் வேண்டாம், மேசையில் மின்கம்பிகள் இருக்கும். சிறு பாட்டில் போதும்.

கேள்வி நேரத்தில் கார்ட்லெஸ் மைக்கைக் கொண்டுபோகும் தன்னார்வலர் அதைக் கையை விட்டு விடக்கூடாது. கேட்பவரின் வாய்க்கு அருகில் தன்னார்வலரே பிடித்துக்கொள்ளட்டும். மைக் கைமாறினால் கேள்வி உரையாகிவிடும். தொடக்கத்திலேயே நாற்காலிகளில் துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்தால், எழுந்து பேசத் தயங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்களும் மாணவர்களும், எழுதிக் கொடுப்பார்கள். நல்ல கேள்விகள் பெரும்பாலும் அந்தச் சீட்டுகளில்தான் வரும். அவற்றை நெறியாளர் முதலில் படிக்கட்டும்.

ஒரு கேள்வி எல்லா ஊரிலும் வரும்: "எங்க பாட்டி வீட்டுல பழைய தஞ்சாவூர் படம் ஒண்ணு இருக்கு, எவ்வளவு போகும்?" மேடையிலிருந்து விலை சொல்லாதீர்கள். நூறு ஆண்டைக் கடந்த ஓவியமும் சிற்பமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதை மட்டும் சொல்லிவிட்டு, படத்தைத் துடைக்காமல், வார்னிஷ் அடிக்காமல், ஈரச் சுவரில் மாட்டாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதேபோல் கேலரிக்காரர் தன் கடையில் தொங்கும் படத்தைப் பற்றி மேடையில் பேசினால், "இது நான் விற்கிற படம்" என்று அவரே முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்பவர் அதை அறிந்து கேட்பது நியாயம்.

ஒலிப்பதிவுக்குப் போனை மட்டும் நம்பாதீர்கள். மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும். மைக் செட்காரரின் ஒலி மிக்சரிலிருந்து நேராக ஒரு ஒயர் எடுத்து ரெக்கார்டரில் பதிவு செய்து, போனைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடலாமா என்று பேச்சாளரிடம் மேடையேறுமுன் ஒரு வரி எழுதி வாங்குங்கள். கோப்புக்குத் தேதி, அமர்வின் கேள்வி, பேச்சாளர் பெயர்கள் என்று அன்றிரவே பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். பேச்சாளருக்கான உறையை அவர் வண்டி ஏறும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். மைக் செட்காரருக்கும் அன்றே.